எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளும் தொலைக் கல்வியும்



உத்தியோகத்தின் நிமித்தமாகவோ தொழிலின் நிமித்தமாகவோ தமிழ்நாட்டை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம்முடைய வீடுகளில், பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. ‘குழந்தைக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுப்பது?’ என்பதே அக்கேள்வி. தாயார் சிறிது சொல்லிக்கொடுக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டி சிறிது சொல்லிக்கொடுக்கிறாள். அவ்வளவில் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். நமக்குத் தமிழ் வீட்டு மொழி; பள்ளிப் படிப்பு வேறொரு மொழியில் நடந்துவிடுகிறது. ஆனால், கணக்கையும் விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் தமிழிலேயே படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஜில்லாக்களின் எல்லைப்புறத்தில் உள்ள அத்தகைய பள்ளிகளைப் பற்றியும், தொலைவிலிருந்தே பாடம் நடத்தும் புதிய சாதனங்கள் அவற்றுக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்பவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் நன்கு தெரியும். அக்கணவாயின் கிழக்கு ஓரத்தில் சித்தூர் தாலூகா இருக்கிறது. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஊர் சித்தூர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதே தாலூகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி முதலான ஊர்களில் கடைவீதியில் கேட்கும் பேச்சு தமிழ்ப் பேச்சாகும். தெற்கே இடுக்கி ஜில்லாவுக்குப் போனால் நிலம் வேறு, மொழி அதுவே. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய தாலூகாக்களில் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் மலைச் சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள மூணாற்றைச் சுற்றிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் மலையேறிச் சென்ற தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் வசித்து வருகிறார்கள்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டன. முன்னாளில் சித்தூர் கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மூன்று அரசாங்கங்களின் கீழ் இருந்த இத்தமிழர்கள் அன்று முதல் கேரள மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையோர் ஆனார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு ஒன்றரை வீதமே ஆயினும், இந்த எல்லைத் தாலூகாக்களில் ஊருக்கு ஊர் அவர்களைக் காணலாம்.

இவர்களுடைய குழந்தைகளின் படிப்பைப் பற்றி அரசியல் சட்டம் மௌனமாக இருந்துவிடவில்லை. 1956-இல் செய்யப்பட்ட ஏழாவது திருத்தத்தினால் 350-ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியிலேயே அளிப்பதற்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. கட்டாய இலவசக் கல்வி பற்றி 2009-இல் இயற்றப்பட்ட சட்டமும், கூடியவரையில் போதனை தாய்மொழியில் இருத்தல் வேண்டும் என்றே சொல்கிறது. கேரள அரசாங்கம் தன் பாடப் புத்தகங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடுவதோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டுத் தருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையையும் தமிழில் எழுதலாம். ஆகவே, சட்டமும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. இவ்விரண்டையும் குழந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர் ஆசிரியர். கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மலைத்தோட்டப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருக்கலாம். ஏழு பிள்ளைகளும் இருக்கலாம். கேரளத்தில் ஆண்டுதோறும் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளன்று பிள்ளைகளின் தலையை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பதவிகளை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பதவி குறையும். பதவி குறைந்தால் ஒரே ஆசிரியர் பல பாடங்களையும் பார்த்துக்கொள்ள நேரிடும். பாடம் குன்றினால், ‘இங்கே படித்து என்ன பிரயோசனம்?’ என்று பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மறு ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறையும். இவ்விதமாக, யாருடைய உத்தரவும் இல்லாமலே ஒரு தமிழ் வகுப்பு மெல்ல மெல்ல மூடப்பட்டுவிடக்கூடும். பெற்றோரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. தம் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறிப் பிழைக்கவேண்டும் என்று அவர்கள் விரும்புவது இயல்பே. மலையாளம் அவர்களுக்கு வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க 2017-இல் கேரளம் சட்டம் செய்திருக்கிறது. தாம் வாழும் மாநிலத்தின் மொழியை நன்றாகக் கற்பதால் தமிழ்ப் பிள்ளைக்கு நன்மையே உண்டாகும். ஆயினும், பின்னத்தையும் தசமத்தையும் முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் வயதில், வீட்டில் பேசும் மொழியில் அதைக் கேட்கும் பிள்ளைக்கும், பாதி விளங்கிய மொழியில் கேட்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம், வகுப்பறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் தெரியும்.

சிறிய எண்ணிக்கையில், பெரிய தூரங்களில் சிதறிக் கிடப்போருக்குக் கல்வி அளிப்பது எப்படி என்ற பிரச்னை உலகத்துக்குப் புதியதன்று. அதற்கு விடையாகத்தான் தொலைக் கல்வி பிறந்தது. நம் நாட்டில் 1962-இல் டில்லி சர்வகலாசாலை தபால்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ‘சைட்’ என்று பெயர் பெற்ற அந்தப் பரிசோதனையில் கேரளமும் தமிழ்நாடும் இடம்பெறவில்லை. எனினும் அதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டியதோடு நில்லாமல், அதே சாதனத்தைக் கொண்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 50,000 பேருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சியும் அளித்தார்கள். பிள்ளைக்குப் பயன்படும் கருவி ஆசிரியருக்கும் பயன்படவேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

கேரளம் இத்துறையில் பின்தங்கிய மாநிலம் அன்று. பள்ளிகளில் கணிப்பொறியைப் புகுத்தும் திட்டம் அங்கே 2001-இல் ஆரம்பமாயிற்று. கல்விக்கென்றே 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘எடுசாட்’ துணைக்கோளைப் பயன்படுத்தி, 2005 ஜூலையில் ‘விக்டர்ஸ்’ என்னும் கல்வித் தொலைக்காட்சியைக் கேரளம் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்தவர் அப்பொழுது ராஷ்டிரபதியாக இருந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள். பிற்பாடு கணிப்பொறித் திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசாங்க நிறுவனமாக உருப்பெற்றது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளில் கணிப்பொறியும் படம் காட்டும் கருவியும் அமைக்கப்பட்டன. கண்ணாடி இழைக் கம்பி வழியே இணையத்தைக் கொண்டுசெல்லும் ‘கே-போன்’ திட்டமும் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது.

இத்தனை ஏற்பாடுகளும் கடும் சோதனைக்கு உள்ளான காலம் 2020-ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்று காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஜூன் முதல் தேதியன்று வழக்கம்போல் கல்வி ஆண்டு தொடங்கியது. ஆனால் மணி அடித்தது தொலைக்காட்சிப் பெட்டியில். ‘முதல் மணி’ என்று பொருள்படும் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வகுப்புக்களை ஒளிபரப்பலாயிற்று. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். நூல்நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டிகளை வைத்து அவர்களைக் கூட்டி உட்காரவைத்தார்கள். அந்த முயற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

தமிழ்ப் பிள்ளைகளும் மறக்கப்படவில்லை. தமிழ்வழி வகுப்புக்கள் தனியே தயாரிக்கப்பட்டுப் பாலக்காட்டிலுள்ள கைட் மையத்தின் யூடியூப் பக்கத்திலும், கன்னட வகுப்புக்கள் காசர்கோட்டு மையத்தின் பக்கத்திலும் வெளியிடப்பட்டன. கேரளப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேரளத் தமிழ் ஆசிரியர்களே நடத்திய வகுப்புக்கள் அவை. அதுவரை தன் பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் மட்டுமே பேசிவந்த ஓர் ஆசிரியை, சித்தூரில் நடத்திய பாடத்தை வண்டிப்பெரியாற்றுப் பிள்ளையும் கேட்க முடிந்தது. இது சிறிய காரியம் அன்று.

ஆயினும் இங்கே ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்கவேண்டும். மலையாளவழிப் பிள்ளைக்கு வகுப்பு தொலைக்காட்சியில் வந்தது. வீட்டில் பழைய பெட்டி ஒன்று இருந்தால் போதும். தமிழ்வழிப் பிள்ளைக்கு வகுப்பு பெரும்பாலும் இணையத்தின் வழியே வந்தது. அதற்கு நல்ல கைபேசி வேண்டும். கைபேசிக்கு மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். கட்டிய பிறகு சிக்னல் கிடைக்கவேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் சிக்னலுக்குப் பெரிய குறைவில்லை. மூணாற்று மலைகளிலோ ஒரு மேட்டில் கிடைக்கும், அடுத்த பள்ளத்தில் கிடைக்காது. ராஜமலைப் பகுதித் தோட்டங்களின் பிள்ளைகள் சிக்னலைத் தேடிப் பல கிலோமீட்டர் சென்று, குளிரிலும் மழையிலும் சாலையோரத்தில் அமர்ந்து பாடம் கேட்ட செய்தியை அந்நாளைய பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதே ராஜமலையில் உள்ள பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்தமையால், வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். ஒரு மலைச் சிற்றூருக்குச் சிக்னல் கொண்டுசெல்வது பாடத்துக்காக மட்டும் கேட்கப்படும் உதவியன்று என்பதைச் சொல்லவே இதை நினைவூட்டுகிறேன்.

‘தமிழ்நாட்டில்தான் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?’ என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கி நல்ல சேவை செய்துவருகிறது. அதன் தமிழ் நம் தமிழே, அதில் ஐயமில்லை. ஆனால் புத்தகம் வேறு. கேரளத்தில் ஏழாம் வகுப்பில் வரும் பாடம் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பில் வரலாம். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாமலே போகலாம். சமூக விஞ்ஞானத்தில் ஒரு மாநிலம் தன் நதிகளையும் தன் சரித்திரத்தையும் முதலில் சொல்லும். மற்றது தன்னுடையதைச் சொல்லும். பரீட்சை எழுதப்போவது கேரளப் புத்தகத்தைக் கொண்டு. ஆகையால் எல்லைப்புறப் பிள்ளைக்கு மொழி ஒரு பக்கத்திலிருந்தும் பாடம் மறுபக்கத்திலிருந்தும் வந்து சேரவேண்டியிருக்கிறது. இரண்டையும் இணைத்துத் தரக்கூடியவர், கேரளப் பாடத்தையும் தமிழையும் ஒருங்கே அறிந்த ஆசிரியர் ஒருவரே.

அந்த ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே கிடைக்கிறது? பாலக்காடு ஜில்லாவின் ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் ஆனக்கரையில் இருக்கிறது. அது ஜில்லாவின் மேற்குக் கோடி. தமிழ்ப் பள்ளிகள் இருப்பதோ கிழக்குக் கோடியில். இடுக்கியின் நிறுவனம் தொடுபுழையில் இருக்கிறது. அது மேற்கு அடிவாரம். வட்டவடையிலிருந்தோ மறையூரிலிருந்தோ அங்கே போகவேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கும் மேலாக மலைப்பாதையில் இறங்கவேண்டும். பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கோ, தமிழ்நாட்டுக்குள் புகுந்து சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகச் சென்றால்தான் வண்டி போய்ச் சேரும். சிறு பயிற்சிகள் வட்டார மையங்களிலும் நடைபெறுகின்றன என்றாலும், தூரம் என்பது இப்பகுதிகளில் வெறும் பேச்சன்று.

இந்தத் தூரத்தைக் குறைக்கும் சக்தி புதிய சாதனங்களுக்கு உண்டு. 2017 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் ‘தீக்ஷா’ என்னும் இணையக் களத்தை ஆசிரியர்களுக்காகத் திறந்தது. அவ்வாண்டிலேயே, பயிற்சிப் பட்டயம் இல்லாமல் ஆரம்பப் பள்ளிகளில் பணியாற்றிவந்தவர்கள் 2019 மார்ச் மாதத்துக்குள் தகுதி பெறவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தொலைக் கல்வி வாயிலாகவே பயிற்றுவித்தது. ‘நிஷ்டா’ என்னும் பணியிடைப் பயிற்சி 2019-இல் நேரில் நடத்தத் தொடங்கப்பட்டு, 2020-இல் இணையத்துக்கு மாற்றப்பட்டது. 2024 மே மாதம் முதல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாளுவதில் சுமார் 80,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையைக் கேரளத்தின் கைட் நிறுவனம் மேற்கொண்டது. எண்ணிக்கைகள் பெரியவை. ஆனால் ஓர் எல்லைப்புறத் தமிழ் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கும்போது, ‘இவை எந்த மொழியில் என் காதுக்கு வந்து சேருகின்றன?’ என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது.

இது சம்பந்தமாக நான் கண்ட ஒரு சிறு காட்சியைச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு முறை சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கேரளத்தில் மே மாதம் என்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி மாதம். ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் மடிக்கணினியின் முன் அமர்ந்து மலையாளத்தில் நடந்த பயிற்சி வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் தாம் கேட்ட மலையாளச் சொல்லையும், வலப்புறம் தாம் வகுப்பில் சொல்லவேண்டிய தமிழ்ச் சொல்லையும் எழுதிக்கொண்டே வந்தார். இடப்புறம் ‘சமவாக்யம்’, வலப்புறம் ‘சமன்பாடு’. இடப்புறம் ‘குணனம்’, வலப்புறம் ‘பெருக்கல்’. ‘பிரகாச சம்ச்லேஷணம்’ என்பதற்கு எதிரே ‘ஒளிச்சேர்க்கை’. ‘பரப்பளவு’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது; அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ‘அவதி’ என்ற சொல்லின் கீழே இரட்டைக் கோடு. மலையாளத்தில் அதற்கு விடுமுறை என்று பொருள். நமக்கோ அது துன்பம். “முதல் வருஷம் சுற்றறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், ஸார்” என்று அவரும் சிரித்தார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த நோட்டின் அருமை உடனே விளங்கிற்று. ஓர் அலுவலகத்தில் பலர் கூடி, அகராதிகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலையை, அந்த அம்மையார் தனியொருவராகப் பயிற்சி வகுப்பின் நடுவிலேயே செய்துகொண்டிருந்தார்.

“இதைப் பக்கத்துப் பள்ளிக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறீர்களா, டீச்சர்?” என்று கேட்டேன்.

“அவர்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும், ஸார்” என்றார்.

அந்தப் பதிலில்தான் இன்று நான் சொல்ல விரும்பும் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது. சித்தூரில் ஒரு நோட்டு. மூணாற்றில் ஒரு நோட்டு. பீர்மேட்டில் ஒரு நோட்டு. ஒரே வேலையை ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கிச் செய்கிறார்கள். ஒருவர் கண்டுபிடித்த நல்ல சொல் மற்றவருக்குத் தெரிவதில்லை. ஒருவர் செய்த பிழையைத் திருத்த மற்றவர் இல்லை. அவர் ஓய்வு பெறும்போது நோட்டும் பரணுக்குப் போய்விடுகிறது. தொலைவைக் கடக்கும் சாதனம் முதன்முதலில் இணைக்கவேண்டியது, இப்படித் தனித்தனியே உழைக்கும் ஆசிரியர்களைத்தான் என்பது என் கருத்து. பிள்ளைக்குத் திரையில் பாடம் காட்டுவது அதற்கு அடுத்த படி.

இதற்குப் புதிதாக ஒரு மாளிகை கட்டவேண்டியதில்லை. கைட்டின் கணிப்பொறிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் இணையமும் இருக்கிறது. 2020-இல் தமிழ் வகுப்புக்களைத் தயாரித்துப் பழகிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சித்தூர் அரசினர் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. இவர்களைக் கொண்டு செய்யக்கூடிய காரியங்கள் மூன்று.

முதலாவது, கோடைப் பயிற்சியில் ஒரு பகுதியையாவது தமிழிலேயே நடத்துவது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்வழி ஆசிரியர்களை நேரில் ஒரே மண்டபத்தில் கூட்டுவது செலவும் சிரமமும் மிகுந்த வேலை. திரையின் வழியே கூட்டுவது எளிது. அவரவர் பாடத்தை அவரவர் மொழியில் விவாதிக்கும் வாய்ப்பு அப்போது கிடைக்கும். இரண்டாவது, அந்த நோட்டுக்களை எல்லாம் ஒன்று சேர்த்து, கேரளத் தமிழ்ப் பாடப் புத்தகங்களில் வழங்கும் சொற்களுக்கும் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வழங்கும் சொற்களுக்கும் பொதுவான ஒரு கலைச்சொல் தொகுதி ஆக்குவது. கொழிஞ்சாம்பாறையில் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போகும் மாணவன் சொல் மாறியதால் தடுமாறக்கூடாதல்லவா? மூன்றாவது, ஆள் குறைந்த சிறு பள்ளிகளை இணைத்து, ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம் வேறு இரண்டு பள்ளிகளுக்கும் திரையில் பாடம் நடத்துவது. அவ்வேளையில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தே தீரவேண்டும். ஏனெனில், விளங்காதபோது குழந்தை திரையைப் பார்த்துக் கை தூக்குவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறது. இத்தகைய ஏற்பாட்டைக் காரணமாகக் காட்டி ஓர் ஆசிரியர் பதவியைக்கூடக் குறைத்துவிடக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

சிக்னல் எட்டாத இடங்களுக்குப் பழைய சாதனங்களும் உதவும். துணைக்கோள் வழியே வரும் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளை 12-இலிருந்து 200 ஆகப் பெருக்கப்போவதாக 2022-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மாநிலங்களின் பங்காக வரும் நேரத்தில் சிறுபான்மை மொழிப் பாடங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மலைத்தோட்டத்துப் பிள்ளை கைபேசியை ஏந்திக்கொண்டு மேடு தேடவேண்டியதில்லை. தேவிகுளத்தில் நம் வானொலியின் நிலையம் ஒன்று இருக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய மொழிப் பாடத்துக்கும் கதைக்கும் சரித்திரத்துக்கும் வானொலியைப்போல் மலிவான சாதனம் வேறு ஏது?

மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் இந்த நோட்டும் தொகுதியும் எதற்கு என்றும் சிலர் நினைக்கலாம். மலையாளப் பாடத்தை ஒரு நொடியில் தமிழாக்கித் தரும் கருவிகள் இப்போது உண்டு. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். முதல் நகலுக்கு அவை மிகவும் உதவும். ஆனால் வெளிவருவது சரியா தவறா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் மலையாளமும் அறிந்து, தமிழும் அறிந்து, பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல் விளங்கும் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அத்தகையவர்கள் எல்லைப்புறப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். இயந்திரம் பெருகப் பெருக அவர்களுடைய தேவையும் பெருகுகிறது.

நேயர்களே, தொலைவிலிருந்து தமிழ் கற்பிக்கும் முயற்சியில் நம்மவர்களுக்கு முன் அனுபவம் இல்லாமற் போகவில்லை. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. தமிழ் இணையக் கல்விக் கழகம் என்பது அதன் இன்றைய பெயர். அதற்குத் தலைமை ஏற்று வழிகாட்டிய டாக்டர் வா. செ. குழந்தைசாமி அவர்கள், அதற்கு முன்பு டில்லியில் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் உள்ள தமிழ்க் குழந்தைகளுக்காக அந்தக் கழகம் ஆக்கிய பாடங்களை நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். தொடக்கத்தில் நான் கூறிய கேள்விக்கு அது ஒரு விடையாகும்.

நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூணாற்றிலும் பாலக்காட்டிலும் பிறந்து இரு மொழியும் தடையின்றி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தாம் படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, ‘உங்கள் ஆசிரியர்கள் சேர்த்துவைத்திருக்கும் சொற்களைச் சரிபார்க்கவோ, வாரம் ஒரு முறை திரையின் வழியே பிள்ளைகளின் சந்தேகங்களுக்கு விடை சொல்லவோ நான் உதவலாமா?’ என்று கேட்பது நம்மால் இயன்ற காரியமே. பதில் வரச் சற்றுத் தாமதம் ஆகலாம். அதனால் சோர்வடைய வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாம் நாள் தலை எண்ணும்போது, அந்தப் பள்ளியில் தமிழ்ப் பாடம் செம்மையாக நடக்கிறது என்ற நம்பிக்கை ஊரில் இருந்தால், இன்னும் இரண்டொரு பிள்ளைகள் கூடுதலாக அந்த வரிசையில் நிற்பார்கள். அந்த இரண்டொருவரால் ஓர் ஆசிரியர் பதவி நிலைக்கவும் கூடும்.